இருபத்தொரு பவுண் தாலியும் இறங்கத் தெரியாத நடனக்காரனும்

அர்க்காடி ஸுஸ்லின் 1991 டிசம்பர் 25ஆம் திகதி மாலை ஆறு மணி முப்பத்தொரு நிமிடத்துக்கு ஹாலே நகரத்து மேடையில் சோவியத் குடிமகனாக மேலே குதித்து, ஆறு முப்பத்து நான்குக்கு எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவனாகக் கீழே இறங்கினான். இடைப்பட்ட மூன்று நிமிடத்தில் மாஸ்கோவில் கொடியை இறக்கிவிட்டார்கள். சிறிய வானொலிப் பெட்டியைக் காதில் வைத்தபடி பக்கத் திரைக்குப் பின்னால் நின்ற குழு மேலாளருக்குத்தான் விசயம் முதலில் தெரிந்தது. அவர் மேலே பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வானொலியை அணைத்தார், பேருந்தில் யன்னலோர இருக்கை பிடிக்கப் போய்விட்டார். சபையோர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். குதித்ததற்குத் தட்டினார்களா, நாடு போனதற்குத் தட்டினார்களா என்று கேட்டால் ஹாலேயில் இன்றைக்கும் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

அவன் லேசுப்பட்ட ஆளில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ரஷ்யர்கள் கோபிப்பார்கள். ஊரல் மலைப்பக்கத்தில் செங்கல் சூளைகள் நிறைந்த ஒரு நகரத்தில் பிறந்தவன். ஆறு வயதில் பக்கத்து வீட்டு வேலியைப் பாய்ந்தான். தாய் ஒரு கரண்டி சூப் அள்ளி ஊற்றிய பிறகே மறுபக்கம் விழுந்தான். பத்து வயதில் பாலே பள்ளிக்கூடத்துக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். 1968இல் அவன் காற்றில் நின்றது இரண்டு செக்கன். 1976இல் பதினொரு செக்கன். அந்த வருடம் அமைச்சிலிருந்து ஒரு குழு மூன்று கடிகாரங்களோடு வந்து அளந்து பார்த்து, தொழிலாளர் நலன் கருதிப் புவியீர்ப்பு விதி தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டுள்ளது என்று அறிக்கை எழுதி முத்திரை குத்தியது. அவன் இறங்கும்வரை வாசிப்பதற்கு இசை போதவில்லை. கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்றால் அந்த இசையை ஆக்கியவர்கள் எல்லாரும் செத்துப்போயிருந்தார்கள். ஆகவே வாத்தியக்குழுத் தலைவர்கள் தாங்களே இழுத்து இழுத்து வாசித்தார்கள். வெளிநாட்டுக்குப் போனால் கூடவே இரண்டு தடித்த மனிதர்கள் போனார்கள். மேலே போகிறவன் எல்லைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடாமல் பார்ப்பது அவர்களுடைய உத்தியோகம். மூன்று தரம் கலியாணம் செய்தான். மூன்று மனைவிமாரும் முதல் வரிசையிலிருந்து கைதட்டியவர்கள்தான். இரண்டாமவள் 1985இல் அவன் மேலே நின்ற ஐம்பது செக்கனுக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். தலைக்கனமும் தாராளமாக இருந்தது. கண்ணாடி இல்லாத அறையில் அவன் சாப்பிட உட்காரமாட்டான்.

சரி, அப்படிப்பட்டவன், பேருந்து அவனை விட்டுவிட்டுப் போய்விட, இப்போது ஹாலே நகரத்து விளிம்பில், சோவியத் படைக்காரர் விட்டுப்போன ஒரு கட்டடத்தில் இருந்த அகதிகள் விடுதியின் இரண்டாம் மாடிக்கு வந்து சேர்ந்தான். அங்கே அவனுக்குப் புதிய வருத்தம் ஒன்று பிடித்தது. குதிக்காமலே மேலே போகத் தொடங்கினான். தும்மினால் போனான். கொட்டாவி விட்டால் போனான். நித்திரையானால் கட்டிலுக்கு மேலே கூரையோடு ஒட்டிக்கொண்டு குறட்டை விட்டான். நாடில்லாதவனை நிலம் எதற்காகப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று விடுதியில் சிலர் தத்துவம் பேசினார்கள். அதெல்லாம் வெறும் அலட்டல். இரண்டு செக்கனில் தொடங்கிய வியாதி முற்றிவிட்டது, அவ்வளவுதான். விடுதிக் காவலாளி மணல் மூட்டையை இடுப்பில் கட்டிப் பார்த்தார், மூட்டையோடு போனான். சுழியோடிகள் கட்டுகிற ஈயப் பட்டியைக் கொண்டுவந்தார்கள். அதையும் கொண்டு மேலே போனான். வெளிநாட்டவர் அலுவலகத்தில் இது பெரிய சிக்கலாகிவிட்டது. தங்க அனுமதி கேட்பவர் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது விதி. மிதப்பவர் நிற்பவரா? மிதக்கிற இடம் ஜெர்மனியா? இரண்டு தரம் அவனுடைய அன்ட்ராக்கை, அதாவது விண்ணப்பத்தை, திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது டேர்மினுக்குக் குறித்த நாள் 1993 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. அன்றும் கால் நிலத்தில் படாவிட்டால் நாடு கடத்துவதென்று முடிவு. எந்த நாட்டுக்கு என்ற இடத்தில் அதிகாரி வெகுநேரம் யோசித்து, மேல்நோக்கி என்று எழுதியிருந்தார்.

அதே மாடியில் தேவமலர் இருந்தாள். வயது முப்பத்தேழு, உடுப்பிட்டியாள், வாய்க்காரி. கலியாணம் செய்வதற்கென்று ஜெர்மனிக்கு வந்தவள். மாப்பிள்ளை குணசேகரம் ஹம் நகரத்தில் இருந்தான். ரயில் நிலையத்துக்கு வந்து அவளுடைய பெட்டியைத் தூக்கிய பிறகே, தனக்கு ஏற்கெனவே ஒரு போலந்துக்காரியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதைச் சொன்னான். வெட்கத்தில் அழுது, அவளுக்கென்று செய்வித்திருந்த இருபத்தொரு பவுண் தாலிக்கொடியை அவள் கையில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். அவள் அதைத் தன் குளிர்க்கோட்டின் உள்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டாள். அகதி மனுக் கொடுத்தபோது ஹாலேக்கு அனுப்பினார்கள். எந்த நாட்டு அதிகாரி எங்கே அனுப்பினாலும் கோட்டோடு போவாள். அவளுக்கும் அர்க்காடிக்கும் பகை பொதுச் சமையலறையில் தொடங்கியது. அவள் கத்தரிக்காய் பொரிக்கும்போது அவன் புகைபோக்கிப் பக்கமாக மிதந்து வந்து மேலிருந்தே துண்டு துண்டாக எடுத்துத் தின்றான். எண்ணெய்க் கரண்டியால் எத்திப் பார்த்தாள், எட்டவில்லை.

அவர்களுக்கு இடையில் மொழிபெயர்க்க ஹாலேயில் ஒரே ஒருவர்தான் இருந்தார், ஹெர் லோரென்ட்ஸ். அந்த நகரத்துப் பழைய தரும நிறுவனம் ஒன்றின் ஆவணக் காப்பகத்தில் வேலை செய்தவர். கிழக்கு ஜெர்மன்காரர் என்பதால் ரஷ்ய மொழியைப் பள்ளிக்கூடத்திலேயே அடித்துப் புகட்டியிருந்தார்கள். தமிழை, காப்பகத்தில் கிடந்த பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரிமார் கடிதங்களிலிருந்து முப்பது வருடமாகத் தானே படித்திருந்தார். உயிருள்ள தமிழரை அதற்கு முன் கண்டதில்லை. அர்க்காடி கத்தரிக்காயைப் பற்றி ஏதோ சொல்ல, அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தேவமலரிடம் சொன்னார்: “ஸ்திரீயே, இந்த மனுஷன் உம்முடைய பதார்த்தத்தின் பேரில் மிகுந்த வாஞ்சையாயிருக்கிறானென்று அறியக்கடவீர்.”

தேவமலர் பக்கத்தில் நின்ற, அதே விடுதியில் இருந்த அன்னப்பிள்ளை அக்காவைப் பார்த்தாள். “இவர் என்னக்கா, பைபிளோ கதைக்கிறார்?”

“என்னவோ. மரியாதையாத்தான் கதைக்கிறார். ரெண்டு துண்டைக் குடன் அந்த மனுசனுக்கு.”

மார்ச் 9ஆம் திகதி காலை எட்டு மணிக்கு அர்க்காடி தும்மினான். நடைவழிக் கூரையில் போய் முட்டி, விளக்குக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையில் சிக்கிக்கொண்டான். காவலாளி ஏணியைத் தேடிப் போனவர் வரவில்லை. தேவமலருக்கும் அதே காலையில் அதே அலுவலகத்தில் டேர்மின். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள் மேலே பார்த்தாள். ஐரோப்பாவையே எழும்பி நின்று கைதட்ட வைத்த மனிதன் இரண்டு கையாலும் தண்ணீர்க் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தான். அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது, பாவமாகவும் இருந்தது. “என்ன கோதாரி மனுசனப்பா” என்று சொல்லிக்கொண்டே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள். எட்டவில்லை. பிடித்து இழுக்கக் கயிறு இல்லை. கோட்டின் உள்துணியைப் பல்லால் கிழித்து, தாலிக்கொடியை எடுத்து, சுருக்குப் போல வீசி அவனுடைய கழுத்தில் மாட்டினாள். இழுக்க, அவன் தலை எட்டுமளவுக்குக் குனிந்தது; பிடரியில் கொளுக்கியைப் பூட்டினாள். அர்க்காடி, அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கி வைத்ததுபோல, மெதுவாக வந்து இரண்டு பாதத்தையும் நிலத்தில் பதித்து நின்றான்.

ஈயப் பட்டி முப்பது கிலோ. இருபத்தொரு பவுண் என்பது ஒரு கோப்பை அரிசியின் பாரம்கூட வராது. அது எப்படி என்று ஜெர்மன்காரர் எல்லாரும் கேட்டார்கள். விடுதியிலிருந்த யாழ்ப்பாணத்துப் பெண்களில் ஒருத்தியும் கேட்கவில்லை. தாலி மனிதரை நிலத்தில் வைத்திருக்கும் என்பது அவர்களுக்குப் புதினமான செய்தி இல்லை. அவர்களுக்கு இருந்த கவலை வேறு. அன்னப்பிள்ளை அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: “அடியே தேவமலர், தாலி ஏறிட்டுதடி.”

“அக்கா, இது ஒரு அவசரத்துக்குப் போட்டது. டேர்மின் முடியக் கழட்டிப்போடுவன்.”

“விசரே உனக்கு? தாலியிலை என்னடி அவசரத்துக்கு ஒண்டு, ஆறுதலுக்கு ஒண்டு? ஏறினது ஏறினதுதான்.”

அர்க்காடி மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றான். அதிகாரி மேசையைச் சுற்றி வந்து, முழங்காலில் இருந்து, அவனுடைய சப்பாத்துக்கும் தரைக்கும் இடையில் ஒரு கடதாசியை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. முத்திரை விழுந்தது, தேவமலருடைய தாளிலும் விழுந்தது. திரும்பி வரும் டிராமில் அவன் கழுத்தைத் தடவிப் பார்த்தபடி ஏதோ சொல்ல, கூட வந்த ஹெர் லோரென்ட்ஸ் முகம் சிவந்து, தான் உம்முடைய கைவசமானபடியினாலே களிகூருகிறானாம் என்றார். தேவமலர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு ஓம் என்றாள்.

பிறகு ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. யார் யாருக்குப் பெண்சாதி? ஹாலேயில் அப்போது பதினொரு தமிழ்க் குடும்பங்களும் ஒரு தமிழ்க் கலாசார ஒன்றியமும் இருந்தன. ஒன்றியம் மூன்று கூட்டம் கூடி இதை விவாதித்தது. தாலி கட்டியவர் புருசன், கட்டிக்கொண்டவர் பெண்சாதி, இதில் ஆணென்ன பெண்ணென்ன என்று ஒரு பகுதி. அவன் மீசை வைத்தவன் என்று மறு பகுதி. செயலாளர் மரியரட்ணம் மன்னார்க் கத்தோலிக்கர். எனக்கு ஏன் இந்த வில்லங்கம் என்று சொல்லிவிட்டு, அங்கத்தவர் பட்டியலில் திரு தேவமலர், திருமதி அர்க்காடி என்று எழுதி முடித்தார். அதன்படியே எல்லாம் நடந்தது. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் அவனுக்கும் குங்குமம் கொடுத்தார்கள். கலியாண வீடுகளில் ஆரத்தி எடுக்க இரண்டு சுமங்கலிகள் வேண்டுமல்லவா? ஒருவராக அர்க்காடியை அழைத்தார்கள். அவன் தட்டை ஏந்திக்கொண்டு வருகிற நடையில் சுடர் அசையாது; சுற்றும்போது நிமிர்ந்த கழுத்து நிமிர்ந்தபடியே இருக்கும். லைப்சிக்கிலிருந்தும் டிரெஸ்டனிலிருந்தும் கேட்டு ஆள் அனுப்பினார்கள். மாப்பிள்ளைமாருக்குத்தான் கொஞ்சம் மனவருத்தம். வீடியோக்காரர்கள் எல்லாரும் அவனையே எடுத்தார்கள்.

நாலு வருடம் இப்படிப் போனது. தேவமலர் முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குப் போனாள். அர்க்காடிக்கு, தான் கடைசியாகக் குதித்த அதே அரங்கிலேயே வேலை கிடைத்தது. வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டி இலக்கத் தகடு கொடுக்கிற வேலை. தாலியோடு அவனால் ஒரு தண்ணீர்க் குட்டையைக்கூடப் பாய்ந்து கடக்க முடியாது. புட்டும் மீன்குழம்பும் தின்று பத்தொன்பது கிலோ ஏறினான். தமிழ் படித்தான், அதுவும் உடுப்பிட்டித் தமிழ். அவள் வேலையால் வந்தால் காலைப் பிடித்துவிடுவான். கால் என்றால் அவனுக்குத் தெரியாததா? சண்டையும் பிடித்தார்கள், சமாதானமும் ஆனார்கள். அவளுக்கு அவன்மேல் உயிர். ஒருநாளும் வாயால் சொல்லவில்லை, ஆனால் இரவில் பிடரிக் கொளுக்கி இறுக்கமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் நித்திரை கொள்வாள்.

1997 இலையுதிர்காலத்தில் அரங்கத்தார் வந்து கேட்டார்கள். அவனுக்கு ஐம்பது வயதாகிறது, ஒரு பிரியாவிடை நிகழ்ச்சி, ஒரே ஒரு ஆட்டம். தேவமலர் பதில் சொல்லுமுன் டிரெஸ்டனில் பௌதிகம் ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு தமிழ்நாட்டு விஞ்ஞானியைப் பிடித்துக் கேட்டாள். அவர் 1968 முதலான கணக்கையெல்லாம் ஒரு தாளில் கோடாகப் போட்டுக்காட்டினார். “மேடம், இந்த கர்வைப் பாருங்க. ஸ்ட்ரெய்ட்டா மேலதான் போகுது. செயினோட இருந்தா சேஃப். கழட்டிட்டு ஜம்ப் பண்ணினா, சாரி, ரிட்டர்ன் கிடையாது.” தேவமலர் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். வீட்டுக்கு வந்து அர்க்காடியிடம் ஏலாது என்றாள்.

“ஒருக்கா, தேவா. ஒரே ஒருக்கா.”

“கழட்டினா நீங்கள் திரும்பி வரமாட்டியள். பிறகு இந்த வீட்டிலை நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது? ஏலாது எண்டா ஏலாது.”

அவன் இரண்டாம் தரம் கேட்கவில்லை. அரங்கத்துக்குப் போய், ஏலாது என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, கோட்டு மாட்டுகிற இடத்துக்குத் திரும்பினான். சத்தம் போட்டிருந்தால், கோப்பையை எறிந்து உடைத்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் சிரித்த முகத்தோடு சாப்பிட்டான், கோப்பையைக் கழுவி வைத்தான். மார்ச் மாதத்தில் ஒருநாள் வேலை வெள்ளனவே முடிந்ததென்று தேவமலர் அவனைக் கூட்டிப்போக அரங்கத்துக்குப் போனாள். உள்ளே பகல் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கதவுக்கு அப்பால் இசை கேட்டது. அர்க்காடி தனியே மேசைக்குப் பின்னால் நின்றான். இடது கையின் இரண்டு விரல்கள் மேசையில் இலக்கத் தகடுகளுக்கு நடுவே ஓடின, நின்றன, பாய்ந்தன. பாய்ந்த விரல்கள் ஒவ்வொரு தரமும் உடனே மேசையில் விழுந்தன. அவன் அவற்றைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடவிட்டான். தேவமலர் தூணுக்குப் பின்னால் நின்று விம்மி விம்மி அழுதாள். நான் இவனைக் காப்பாற்றவில்லை, கட்டிப் போட்டிருக்கிறேன் என்று அவளுக்குப் பட்டது. மூக்கைச் சீறிக்கொண்டு நேரே இயக்குநரின் அறைக்குப் போய், தனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில், என்ர மனுசி ஆடுவார் என்று சொன்னாள். ஒன்றியத்துப் பட்டியலின்படி அது சரிதான்.

நிகழ்ச்சி 1998 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. தமிழர்கள் இரண்டு பேருந்தில் சேலை கட்டிக்கொண்டு வந்திறங்கினார்கள். பக்கத் திரைக்குப் பின்னால் அவன் பிடரியைக் குனிந்து கொடுத்தான். உயிரோடிருக்கிறவர் கழுத்தில் தாலி கழற்றுவதை நான் பார்க்கமாட்டேன் என்று அன்னப்பிள்ளை அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். கொளுக்கி கழன்றது. தேவமலர் அவனுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள், பிறகு முதுகில் கையை வைத்து மேடைக்குத் தள்ளிவிட்டாள்.

முதல் பத்து நிமிடம் பார்க்கச் சகிக்கவில்லை. வயிறு முன்னால் வந்தது, அவன் பின்னால் வந்தான். பிறகு மேடையின் மூலையிலிருந்து ஓடிவந்து குதித்தான். சபை மூச்சை இழுத்தது. அவன் விளக்குகளைத் தாண்டிப் போனான், திரைகள் தொங்குகிற கம்பிகளைத் தாண்டிப் போனான். கைதட்டல் எழுந்தது, தட்டத் தட்ட இன்னும் மேலே போனான். வாத்தியக்குழு அதே பகுதியை ஒன்பதாவது தரம் வாசித்தது. ஊதுகுழல்காரர் ஒருவர் சிகரெட் பிடிக்க எழும்பிப் போனார். மேடைக்கு மேலே, கூரையின் உச்சியில், தீப்பிடித்தால் புகை போவதற்கென்று ஒரு கதவு உண்டு. மே மாதத்து வெக்கைக்கு அதைத் திறந்து வைத்திருந்தார்கள். அர்க்காடி அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தான். அதற்கப்பால் வெறும் வானம். சபை எழும்பி நின்று இன்னும் பலமாகத் தட்டியது.

தேவமலர் மேடைக்கு நடுவே வந்து நின்று, அண்ணாந்து, தன் தொண்டையில் இருந்த முழுச் சத்தத்தையும் எடுத்துக் கத்தினாள். “இஞ்சாருங்கோ! காணும்! இறங்குங்கோ!”

கைதட்டல் நின்றுவிட்டது. நாற்பது வருடத்தில், மாஸ்கோவிலோ பாரிசிலோ, ஒருவர்கூட அவனிடம் காணும், போதும் என்று சொன்னதில்லை. அவன் ஒரு கையால் புகைக் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான். கன்னமெல்லாம் வெளுத்திருந்தது.

“தேவா, எனக்கு இறங்கத் தெரியாது.”

உண்மைதான். அவன் ஒருநாளும் இறங்கியதில்லை. ஏறிய பலம் முடிய விழுந்திருக்கிறான், அவ்வளவுதான்.

“தெரியாட்டிப் பரவாயில்லை. பயப்பிடாதேங்கோ. கையை விடுங்கோ, என்னைப் பாருங்கோ. முதல் வலக்காலை வையுங்கோ.”

“எங்க வைக்கிறது? இஞ்ச ஒண்டும் இல்லை.”

“ஒண்டும் இல்லாத இடத்திலைதானே நாப்பது வருசம் நிண்டனீங்கள்? வையுங்கோ எண்டுறன்!”

அவன் கையை விட்டான். வலக்காலை வைத்தான். அது நின்றது. இடக்காலை அதற்குக் கீழே வைத்தான். அவள் ஒவ்வொரு காலுக்கும் ஓம், ஓம், அப்பிடித்தான் என்று சொல்லிக்கொண்டே நின்றாள். இருபத்தாறு நிமிடம் பிடித்தது. சில ஜெர்மன்காரர் டிராமுக்கு நேரமாகிறதென்று எழும்பிப் போய்விட்டார்கள். கடைசி ஒரு மீட்டரில் கால் இடறி, மகா கலைஞன் அர்க்காடி ஸுஸ்லின் மேடைப் பலகையில் பின்பக்கம் அடிபட விழுந்தான். அடுத்த நாள் பத்திரிகையில், ஏறியது நாம் அறிந்ததே, இறங்கியது புதிது, விழுந்தது தரக்குறைவு என்று எழுதியிருந்தார்கள். தேவமலர் அதைப் படிக்கவில்லை. அவள் மேடையிலேயே குந்தியிருந்து, சபையைப் பற்றிய நினைப்பே இல்லாமல், அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏச்சு ஏச்சென்று ஏசினாள். அவன் எழும்பி உட்கார்ந்து பழக்கத்தில் கழுத்தைக் குனிந்து நீட்டினான். அவள் கொடியைக் கையில் எடுத்து அவனுடைய கழுத்தைப் பார்த்தாள். பிறகு அதைக் கைப்பையில் போட்டு மூடினாள்.

அதற்குப் பிறகு அவன் ஏறுவதும் இறங்குவதும் ஹாலேயில் ஒரு செய்தியாக இருக்கவில்லை. பகல் ஒன்றிலிருந்து மூன்றுவரை அயலாருக்கு ஓய்வு நேரம் என்பதால் அந்த நேரத்தில் மிதக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் ஒரு கடிதம் போட்டார், அவ்வளவோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக்கு முன் பல்கணியால் புறப்பட்டுத் தேவாலயக் கோபுரம்வரை போய்வருவான். சோறு ஆறமுன் தேவமலர் யன்னலைத் திறந்து இஞ்சாருங்கோ, காணும் என்பாள். ஒவ்வொரு காலாக வைத்து வந்துவிடுவான். ஒரு ஞாயிறு அவள் வேலைக் களைப்பில் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டாள். கூப்பிடவில்லை. அன்றும் வந்தான்.